கரையை அடைத்தபின் விடைபெறுக

திருச்சிற்றம்பலம்



ஆவணி மூலத் திருவிழாவிலே, பெருமான் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலைச் சிந்திக்கக் கூடியிருக்கின்றோம். மதுரை மாநகரில் இத்திருவிழா நடைபெறும் நாள்களில் சொக்கநாதப் பெருமான் கொண்டருளும் திருக்கோலங்களை வரிசையாக நினைந்து பாருங்கள். ஒருநாள் மாணிக்கம் விற்கும் வணிகனாகின்றான். ஒருநாள் வளையல் விற்கின்றான். ஒருநாள் குதிரைச் சேவகனாகிப் பரிகளை நடத்தி வருகின்றான். ஒருநாள் விறகுச் சுமையைத் தலையில் ஏற்றித் தெருவிலே நடக்கின்றான். மற்றொருநாள் தலையிலே சும்மாடும் தோளிலே மண்வெட்டியும் கொண்ட கூலியாளாக வைகைக் கரையில் நிற்கின்றான். தத்துவங்கள் அனைத்தையும் கடந்து நின்ற பரம்பொருள், நம் பொருட்டுத் தொழிலாளியாக இறங்கி வருகின்றது.

இத்திருக்கோலங்களிலே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எந்தத் தொழிலையும் பெருமான் இழிவென்று தள்ளவில்லை. எந்தத் தொழிலிலும் அவன் தங்கிவிடவும் இல்லை. வந்த காரியம் முடிந்தவுடன் கோலத்தைக் களைந்து புறப்பட்டு விடுகின்றான். ஒரு தொழிலை ஏற்பதற்கு முறை உண்டு; அதனை விடுவதற்கும் முறை உண்டு. விடுகின்ற முறையைப் பற்றியே இங்குச் சிந்திக்க இருக்கின்றோம்.

இதனை ஏன் இங்கே பேச வேண்டும் என்று கேட்கலாம். திருக்கோயிலுக்கு வருகின்றவர்கள் பெருமானிடத்தே வைக்கும் விண்ணப்பங்களுள், வேலை வேண்டும் என்பது பழையது. கிடைத்த வேலை ஒத்துவரவில்லை, விடுவதற்கும் அஞ்சுகின்றேன், என் செய்வேன் என்பதும் இன்று பலர் நெஞ்சிலே இருக்கின்ற விண்ணப்பம்.

இருபுறமும் எரியும் கொள்ளி

அத்தகைய ஒருவன் நிலையைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையிலே வீட்டார் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கின்றார்கள். இவன் மட்டும் மறுநாளை எண்ணி முகம் வாடியிருக்கின்றான். தொலைபேசி ஒலித்தால் நெஞ்சு திடுக்கிடுகின்றது. மேலாளர் சொன்ன ஒரு சொல்லை இரவெல்லாம் மனத்திலே அரைத்துக்கொண்டு உறக்கமின்றிப் புரளுகின்றான். விலகற் கடிதத்தை எழுதுகின்றான், மடித்து வைக்கின்றான், மறுநாள் கிழித்து விடுகின்றான். இருந்தாலும் துன்பம், விட்டாலும் துன்பம் என்று, இருபுறமும் எரிகின்ற கொள்ளியின் நடுவே அகப்பட்ட எறும்பைப் போலத் தவிக்கின்றான்.

இவனுக்கு, “அஞ்சாதே, எல்லாம் அவன் செயல்” என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அச்சம் அதனால் தீர்வதில்லை. நோய் இன்னதென்று அறிந்த பின்னரே மருந்து கொடுக்க வேண்டும். இவ்வச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் அதனுள் மூன்று அச்சங்கள் பின்னிக் கிடப்பதைக் காணலாம். ஒன்று வயிற்றைப் பற்றிய அச்சம். மற்றொன்று ஊராரைப் பற்றிய அச்சம். மூன்றாவது, தன்னைப் பற்றிய அச்சம். மூன்றுக்கும் வைகைக் கரையிலே விடை இருக்கின்றது.

வந்தியின் கணக்கு

வைகையிலே வெள்ளம் பெருகிக் கரை உடைந்தது. குடிக்கு ஒரு பங்காகக் கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் கிழவிக்கும் ஒரு பங்கு வந்தது. அவளுக்குக் கணவன் இல்லை, மக்கள் இல்லை, கூலிக்கு ஆள் அமர்த்தப் பொருளும் இல்லை. பெருமானை நினைந்து உருகினாள். கூலியாளாக வந்து நின்ற பெருமானிடம் அவள் என்ன சொன்னாள்? பொன் தருகின்றேன் என்றாளா? தன்னிடம் இருப்பது பிட்டு மட்டுமே, அதனையே கூலியாகத் தர இயலும் என்றாள். உதிர்ந்த பிட்டே போதும் என்று அவனும் இசைந்தான்.

தன்னிடம் இருப்பது எவ்வளவு என்பதை அறிந்திருந்தமையே வந்தியின் முதற் சிறப்பு. இல்லாததை அவள் வாக்களிக்கவில்லை. இருப்பதை மறைக்கவும் இல்லை. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பை அணைக்காது பிட்டு அவித்துக் கொண்டிருந்தாள். பக்தி அவளைக் கணக்கறியாதவள் ஆக்கிவிடவில்லை.

வயிற்றைப் பற்றிய அச்சத்துக்கு மருந்து இதுவே. அவ்வச்சம் நியாயமானது, இழிவன்று. குழந்தையின் பள்ளிக் கட்டணமும், முதிய பெற்றோரின் மருந்துச் செலவும், வீட்டு வாடகையும், கடன் தவணையும் தத்துவம் பேசினால் தீர்ந்துவிடுமா? ஒரு தாளை எடுத்து எழுத வேண்டும். மாதம் ஒன்றுக்குத் தவிர்க்க இயலாத செலவு எவ்வளவு? கையிருப்பு எத்தனை மாதத்துக்குப் போதும்? எந்தச் செலவைச் சுருக்கலாம்? எழுதிப் பாராத வரையில் அச்சம் இருட்டிலே கிடக்கும் கயிறு, பாம்பாகவே தோன்றும். எழுதிப் பார்த்தால் அது கயிறாகவும் இருக்கலாம்; மெய்யாகவே பாம்பாகவும் இருக்கலாம். பாம்பே ஆனாலும், அது எவ்வளவு நீளம் என்றாவது தெரிந்துவிடும்.

தனக்கு உரியது எது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டிலே தொழிலாளர்க்கு வருங்கால வைப்புநிதி என்பது 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. வேலை மாறும்போது அந்நிதியைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கின்றது. நிலையான பணியாளர்க்கு, ஐந்தாண்டுத் தொடர்பணியின் பின், ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் என்னும் கணக்கிலே பணிக்கொடை உண்டு என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இருந்துவரும் பொதுவிதி. அந்த எல்லையை நெருங்கி நிற்பவன், ஒருநாட் சினத்தினாலே கடிதத்தை வீசிவிட்டு வரலாமா? பொருளைப் போற்றுவது பேராசை ஆகாது. அது குடும்பத்தின் பொருள்; உழைத்துச் சேர்த்த பொருள்.

பிரம்படி பட்ட கூலியாள்

இனி, ஊராரைப் பற்றிய அச்சம். “படித்தவன், நல்ல இடத்தில் இருந்தவன், ஒரு வேலையிலே நிலைக்கத் தெரியவில்லையே” என்று உறவினர் பேசுவார்கள். திருமண வீட்டிலே, “தற்போது எங்கே வேலை?” என்று கேட்பார்கள். இக்கேள்விக்கு அஞ்சியே, ஒவ்வாத இடத்தில் ஆண்டுக்கணக்காக வாடிக் கிடப்பவர் உண்டு.

வைகைக் கரைக்கு வாருங்கள். வந்தியின் கூலியாள் என்ன செய்தான்? மண்ணை வெட்டினான், பாதியிலே கூடையை இறக்கி வைத்தான், பாடினான், ஆடினான், பிட்டை உண்டு களித்தான், மரநிழலிலே உறங்கினான். மற்றவர் பங்கெல்லாம் அடைபட்டுவிட, வந்தியின் பங்கு மட்டும் அடைபடாது நின்றது. காவலர் சென்று முறையிட்டனர். அரசன் சினந்து வந்து பிரம்பால் அடித்தான். அன்றைக்குக் கரையிலே நின்ற கணக்கனின் ஏட்டைப் புரட்டிப் பார்க்க முடியுமானால், அதிலே என்ன எழுதியிருக்கும்? “வந்தியின் ஆள்: வேலைக்கு ஆகாதவன்” என்றல்லவா எழுதியிருக்கும்! ஆதியும் அந்தமும் இல்லாத சோதியைப் பற்றி ஒரு கணக்கன் தந்த நற்சான்று அவ்வளவுதான்.

அடி விழுந்தது. அரசன் முதுகிலும் விழுந்தது. அரசியர் மீதும் விழுந்தது. எல்லா உயிரின் மீதும் விழுந்தது. அடிபட்டவன் யார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதனைக் கொண்டு, கடமையிலே உறங்கலாம் என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டா. கொள்ள வேண்டிய கருத்து வேறு. ஓர் இடத்திலே ஒருவனைப் பற்றி எழுதப்படும் குறிப்பு, அந்த இடத்திலே அவன் செய்த வேலையைப் பற்றிய குறிப்பு மட்டுமே. அவனுடைய உயிரின் மதிப்பை எழுதும் ஏடு எந்த அலுவலகத்திலும் இல்லை. குறையைச் சொன்னால் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அதனையே தன் தலையெழுத்தாகக் கொண்டு குன்றிப்போக வேண்டுவதில்லை.

பட்டம் போயிற்று, பெயர் நின்றது

மூன்றாவது அச்சம் நுட்பமானது. “இந்த வேலை போனால் நான் யார்?” என்னும் அச்சம் அது. ஆண்டுகள் பல ஒரு நாற்காலியிலே அமர்ந்தவனுக்கு நாற்காலியும் உடம்பின் ஓர் உறுப்பைப் போல ஆகிவிடுகின்றது. அதினின்று எழுவது உடம்பை அறுப்பதாகத் தோன்றுகின்றது.

மதுரைக்கு அருகே உள்ள திருவாதவூரிலே பிறந்த பெருந்தகை, பாண்டியனுக்கு அமைச்சராகித் தென்னவன் பிரமராயன் என்னும் பட்டம் பெற்றார். குதிரை வாங்கப் பொருளோடு சென்றவர், இன்று ஆவுடையார்கோயில் என்று வழங்கும் திருப்பெருந்துறையிலே, குருந்த மரத்தடியில் குருநாதரைக் கண்டார். அரசவை அவருக்கு ஒவ்வாததாயிற்று. எனினும், கண்ட அன்றே அவர் விடுதலை பெற்றுவிடவில்லை. பரி நரியாயிற்று; சுடுமணலில் நிறுத்தப்பட்டார்; வைகை பெருகிற்று; இறைவன் மண் சுமந்தான். இவ்வளவும் நிகழ்ந்த பின்னரே அரசன் உண்மை உணர்ந்தான். அவரும் அமைச்சுத் தொழிலினின்று நீங்கினார். பழைய இடத்திலே மனம் இல்லை, புதிய இடத்துக்குப் போக விடை இல்லை என்னும் நடுக்காலம் ஞானிகளுக்கும் இருந்தது. அக்காலத்துத் தவிப்பைக் குறை என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

நீங்கிய பின் என்ன ஆயிற்று? தென்னவன் பிரமராயன் என்னும் பட்டத்தை இன்று புலவர் சிலரே நினைவில் வைத்திருக்கின்றனர். மாணிக்கவாசகர் என்னும் பெயரோ மார்கழி வைகறைதோறும் தமிழர் வாழும் இடமெல்லாம் ஒலிக்கின்றது. வேலையோடு வந்த பெயர் வேலையோடு போயிற்று. உயிரோடு வந்தது நின்றது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிகள் அரசன் பொருளைத் திருப்பணியிலே செலவிட்டது இறைவன் ஆடல். அதனை முன்மாதிரியாக்கி, ஒப்படைக்கப்பட்ட பொருளிலே நாம் கை வைத்தால் அது குற்றமே. அவருக்காகக் குதிரை கொண்டுவர இறைவனே வந்தான். நம் கணக்கை நாமே நேர் செய்ய வேண்டும்.

விடலாமா, இருக்கலாமா?

அச்சத்தைப் பிரித்து அறிந்தாயிற்று. அதனால் எல்லோரும் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது முடிபா? அன்று. சில வேளைகளில் ஒவ்வாதது வேலையன்று, நம் களைப்பு. சில வேளைகளில் ஒரு மனிதரோடு ஏற்பட்ட பிணக்கு. சில நாள் ஓய்வு பெற்றோ, வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டோ, மனம் விட்டுப் பேசியோ தீர்க்கக் கூடியதை, விலகித் தீர்க்க வேண்டுவதில்லை. ஆனால் பொய்க்கணக்கு எழுதச் சொல்லும் இடம், பிறரை வஞ்சிக்கச் சொல்லும் இடம், உடல்நலத்தை நாளும் அரிக்கும் இடம், முயன்று முயன்றும் நம் இயல்புக்குப் பொருந்தாத இடம் ஆகியவற்றிலே அச்சம் ஒன்றினால் மட்டும் தங்கியிருப்பது பொறுமை ஆகாது.

வேலையை விடுபவன் தோற்றவன் என்னும் எண்ணத்தையும் களைய வேண்டும். சிறுத்தொண்ட நாயனார் வரலாற்றை நினையுங்கள். திருச்செங்காட்டங்குடியிலே பிறந்த பரஞ்சோதியார் படைத்தலைவராகி வாதாபியை வென்றவர். பல்லவன் நரசிம்மவர்மன் காலத்து வாதாபிப் போர் இது என்பது வரலாற்றறிஞர் கொள்கை. நிகழ்ந்தது 642ஆம் ஆண்டு. போரிலே அவர் வெற்றி கண்டவர். ஆயினும் அவர் உள்ளம் சிவத்தொண்டிலே இருந்தது. அமைச்சர் வாயிலாக அதனை அறிந்த அரசன், அடியாரைப் போர்முனைக்கு அனுப்பினோமே என்று வருந்தி, நிதி பல கொடுத்து விடைதந்தான். அவரும் தம் ஊருக்கு மீண்டார். வென்றவரும் விடலாம். வேலை நன்றாக நடந்தும் அது தமக்கு உரியதன்று என்று அறியலாம். அவர் சண்டையிட்டுப் பிரியவில்லை. அரசன் வாழ்த்தோடு பிரிந்தார்.

கரையை அடைத்தல்

எப்படி விடுவது? மீண்டும் வைகைக் கரையைப் பாருங்கள். பிரம்படி பட்ட பெருமான் என்ன செய்தான்? கூடையை எறிந்துவிட்டு ஓடிப் போனானா? இல்லை. ஒரு கூடை மண்ணை உடைப்பிலே கொட்டினான். கரை உயர்ந்தது. அதன் பின்னரே மறைந்தான். அடித்தவன் மேல் சினம் கொண்டு வந்தியின் பங்கை அவன் உடைந்தபடி விட்டுவிடவில்லை. விட்டிருந்தால் துன்பம் அரசனுக்கா? வந்திக்கல்லவா?

அன்பர்களே! இந்த ஒரு கூடை மண்ணையே நினைவிலே கொள்ளுங்கள். வேலையை விடத் துணிந்தவன் முதலில் தன் பங்கின் கரையை அடைக்க வேண்டும். முறைப்படி முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கையிலுள்ள கோப்புகளையும் கணக்குகளையும் அடுத்து வருபவர்க்கு விளங்கும்படி ஒப்படைக்க வேண்டும். மேலாளர் கடுஞ்சொல் சொன்னார் என்பதற்காகப் பக்கத்து மேசைக்காரன் தலையிலே சுமையை ஏற்றலாகாது. பணிச்சான்றும் பெற வேண்டியவையும் முறையாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். இப்படி விட்டவனுக்கு ஒரு பெரும்பயன் உண்டு. பின்னாளிலே அந்தத் தெருவழியே அவன் தலைநிமிர்ந்து நடக்கலாம். பாதி அச்சம் நாம் விட்டுவந்த குறையினாலே வருவது. குறை இல்லையாயின் அந்தப் பாதி இல்லை.

மற்றொன்று, அடுத்த கரையைச் சிறிதேனும் கட்டிக்கொண்டு இக்கரையை விடுவது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வெசுலியன் மிசன் பாடசாலையிலே ஆசிரியராக இருந்தவர். பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணை நின்றவர். மதிப்பான பணி அது. எனினும் அவர் உள்ளம் சைவத்தையும் தமிழையும் வளர்ப்பதிலே இருந்தது. 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியபோது அப்பணியிலேதான் இருந்தார். அடுத்த ஆண்டு அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. அதே 1848இல் அவர் ஊதியப் பணியைத் துறந்தார். செய்ய வேண்டியது இன்னது என்று செய்து பார்த்துத் தெளிந்த பின்னரே விட்டார். நாம் இங்கே கூடிப் பேசுகின்ற இத்தகைய கோயிற் சொற்பொழிவும், பகல் வேலையோடு அவர் சேர்த்துச் சுமந்த அந்தச் சுமையிலே வளர்ந்ததுதான்.

ஒரு திறமையைக் கற்பதும், வேறிடத்துக்கு விண்ணப்பிப்பதும், சிறு தொழில் ஒன்றை மாலை நேரத்திலே முயன்று பார்ப்பதும் இதன்பாற் படும். அடுத்தது ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால், இன்றைய வேலையின் கடுமையும் பாதி குறைந்துவிடும்.

வீட்டார்க்கு ஒரு விண்ணப்பம்

விடுகின்றவனுக்குச் சொன்னோம். அவன் வீட்டார்க்கும் சொல்ல வேண்டும். திருநாவுக்கரசர் தம் பெரும்பதவியை விட்டு, தருமசேனர் என்னும் பெயரைத் துறந்து, சூலைநோயோடு திருவதிகைக்கு வந்தார். பகலிலே வரவில்லை, இரவிலே வந்தார். தமக்கையார் திலகவதியார் திருவடியில் விழுந்தார். அந்த அம்மையார், “அன்று ஏன் போனாய்? இன்று ஏன் வந்தாய்?” என்று கேட்டாரா? எடுத்து நிறுத்தினார், இது இறைவன் அருள் என்றார், திருநீறு கொடுத்தார், வைகறையிலே அலகும் தோண்டியும் எடுத்துத் திருக்கோயிலுக்குச் செல்லும்போது உடன் அழைத்துச் சென்றார்.

இதிலே வீட்டார்க்கு வேண்டிய பாடம் முழுவதும் இருக்கின்றது. வேலை ஒத்துவரவில்லை என்று மகனோ, மகளோ, கணவனோ, மனைவியோ வாய் திறக்கும்போது, முதல் வார்த்தை குற்றச்சாட்டாக இருக்கக் கூடாது. கடன் கணக்கை மறுநாள் பேசிக்கொள்ளலாம். அன்றிரவு சோறு போட வேண்டும். விடுகின்றவனும் வீட்டார்க்கு மறைக்கக் கூடாது. விலகிவிட்டு, காலையில் உணவுப் பொதியோடு புறப்பட்டு மாலை வரை பூங்காவிலே அமர்ந்திருப்பது எவ்வளவு பெரிய துன்பம்! உறக்கமும் பசியும் பல வாரம் கெட்டுப்போனால் மருத்துவரை நாடுவதிலும் இழுக்கில்லை. படைத்தலைவரான சிறுத்தொண்டரே ஆயுள்வேதம் கற்றவர் என்று பெரியபுராணம் கூறுகின்றது.

வேலைக்கும் வேலைக்கும் இடைப்பட்ட நாள்களைச் சும்மா கழித்தால் அச்சம் பெருகும். திருநாவுக்கரசர் உழவாரப் படையைக் கையிலே எடுத்தார். அலுவலகப் பணி இல்லாத நாளிலும் செய்ய ஒரு பணி உண்டு. காலையிலே நீராடித் திருக்கோயில் முற்றத்தைப் பெருக்குங்கள். நந்தவனத்துக்கு நீர் இறையுங்கள். பின்பு புதிய வேலை தேடிச் செல்லுங்கள். கை ஒரு பயனுள்ள செயலிலே இருக்கும்போது நெஞ்சு தன் நடுக்கத்தை மறக்கும்.

முடிவாக

அன்பர்களே! இறைவன் வணிகனானான், சேவகனானான், கூலியாளானான். எல்லாக் கோலத்தையும் இட்டான். எல்லாக் கோலத்தையும் கழற்றினான். எந்தக் கோலத்திலும் அவன் அவனாகவே இருந்தான். நமக்குக் கிடைத்த வேலையும் ஒரு கோலமே. பொருந்தும் வரை அதனை நேர்மையாக அணிந்திருப்போம். பொருந்தாது என்று தெளிந்தால், கணக்கைப் பார்த்து, பெரியோரைக் கேட்டு, அடுத்ததற்கு அடி கோலி, நம் பங்கின் கரையிலே கடைசிக் கூடை மண்ணையும் கொட்டிவிட்டு விடைபெறுவோம். அதன் பிறகும் சிறிது நடுக்கம் இருந்தால் இருக்கட்டும். வந்தியும் நடுங்கியவள்தான். அவள் பங்குக்கு ஆள் வந்தது. நம் பங்குக்கும் வரும்.

எல்லோருக்கும் உழைக்க நல்ல இடமும், உண்ண நல்ல சோறும், உறங்க நல்ல இரவும் கிடைக்குமாறு சொக்கநாதப் பெருமான் திருவருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.